சப்போஸ் ஜம்புநாதன்

டெக்சாஸ் மாநிலம் இன்னும் வரைபடத்தில் இருப்பதற்கு ஒரே காரணம், ஜம்புநாதன் தினமும் காலையில் குக்கர் பக்கத்தில் நிற்பதுதான். மிகை என்று நினைப்பவர்கள் பேர்லேண்டில் அவர் வீட்டுக்கு ஒரு நாள் விடிந்ததும் வந்து பார்க்கலாம். இடது கை இடுப்பில். வலது கையில் காபி. கண் குக்கரின் வெயிட் மேல். ஆவி சீறத் தொடங்கியதும் சுருதி பார்க்கும் பாட்டு வாத்தியார்போல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். விசில் ஒழுங்காக வந்த பிறகுதான் காபி தொண்டைக்குள் இறங்கும். "வால்வு க்ளியர்" என்று சமையலறைக்கு அறிவிப்பார். சமையலறையில் அவர் மனைவி ஜலஜாவைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

"உள்ள வேகறது துவரம்பருப்பு. உங்க பிளான்ட் இல்ல," என்பாள் ஜலஜா.

"சப்போஸ் பருப்புத் தோல் ஒண்ணு போய் ஓட்டைய அடைச்சுதுன்னா?"

அந்த 'சப்போஸ்'தான் ஆள். ஜம்புநாதன் வீடு எது என்று கேட்டால் பேர்லேண்ட் தமிழர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். சப்போஸ் அங்கிள் வீடு என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள்.

ஹூஸ்டன் கப்பல் கால்வாய்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் அவருக்குப் பாதுகாப்பு இன்ஜினியர் வேலை. ஒரு பெரிய மேஜை மேல் ஆலையின் வரைபடத்தை விரித்து, சுற்றிலும் ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு வால்வாகப் பென்சிலை வைத்துக் கேட்க வேண்டும். சப்போஸ் இது லேட்டாகத் திறந்தால்? சப்போஸ் இந்தக் குழாயில் போகிறது திரும்பி வந்தால்? சப்போஸ் இதைத் திருப்ப வேண்டியவன் அன்றைக்குப் பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால்? பதில் சொல்லி எல்லாரும் ஓய்ந்ததும் அடுத்த வால்வு. இன்னும் நடக்காத விபத்துகளுக்காகக் கவலைப்பட அவருக்கு மாதச் சம்பளம். அதையே வீட்டில் இலவசமாகச் செய்கிறார்.

ஆலையில் காரைப் பின்பக்கமாக ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். ஓடவேண்டி வந்தால் வண்டி முகம் வாசலைப் பார்த்து இருக்க வேண்டுமாம். பேர்லேண்ட் மீனாட்சி கோயில் வாசலிலும் அவர் கார் அப்படித்தான் நிற்கும். "அம்மன் கோவிச்சுக்கிட்டா உடனே கிளம்பிடலாம்," என்று ஜலஜா எல்லாரிடமும் விளக்கம் சொல்வாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினால் மறுபடி மேலே போய்ப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வீட்டில் தீப்பிடித்தால் எல்லாரும் கூடவேண்டிய இடம் வாசல் தபால் பெட்டி. இதற்கு ஒத்திகையும் உண்டு. ஒருமுறை வீட்டார் மூன்று பேரும் இரவு உடையோடு தபால் பெட்டியைச் சுற்றி வாய் பேசாமல் நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டு அமெரிக்கர், வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல சாப்பாடு. அடுத்த ஒத்திகை எப்போது என்று ஜலஜா கேட்டாள்.

கிருகப்பிரவேசத்துக்குப் போனால் மற்றவர்கள் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுப்பார்கள். இவர் தீயணைக்கும் சிலிண்டர் கொடுப்பார். சிவப்பு உருளை, அதன் கழுத்தில் ஒரு ரிப்பன், வயிற்றில் மஞ்சள் குங்குமம். ஹோமம் முடிகிறவரை அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு வாத்தியாருக்குப் பின்னால் துவாரபாலகர்போல் நிற்பார். நெய் கொஞ்சம் அதிகமாக விழுந்தால் வாத்தியார் திரும்பி இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அடுத்த மந்திரத்துக்குப் போவார். இன்றைக்கு அந்தப் பக்கத்தில் தமிழ் வீடு எது என்று தெரிய வேண்டுமானால் பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம். சமையலறைச் சுவரில் பொட்டு வைத்த சிலிண்டர் தொங்கினால் அது தமிழ் வீடு.

இவருடைய ஒரே மகள் விஷாகா, பத்தாம் வகுப்பு. இந்தச் சித்திரத்தை எழுதுவதும் அவள்தான். தன்னை 'அவள்' என்று எழுதிக்கொள்வதற்குக் காரணம், இதில் அவள் செய்த ஒரு காரியத்தை வேறு யாரோ செய்ததாக வைத்துக்கொள்ளலாம் என்ற நப்பாசை.

பிரச்சினை பிப்ரவரியில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் என்னென்ன பாடம் எடுப்பது என்பதைப் பள்ளியின் இணையதளத்தில் தேர்வு செய்ய வேண்டும். தேர்வு செய்வது பிள்ளை. சம்மதம் என்று அழுத்த வேண்டியது பெற்றோர். ஜம்புநாதன் வீட்டில் அதற்கான கடவுச்சொல் ஜம்புநாதனிடம் மட்டும் இருந்தது. விஷாகா கேட்டது இரண்டு: தியேட்டர் புரொடக்ஷன், சைகாலஜி. அவர் நினைத்திருந்தது வேறு இரண்டு: இன்னும் கஷ்டமான பிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ். திங்கட்கிழமை தளம் மூடிவிடும். அதற்குப் பிறகு அழுதாலும் மாற்ற முடியாது.

"தியேட்டர்னா? நடிக்கப் போறியா?"

"நடிக்க இல்லப்பா. புரொடக்ஷன். லைட்டு, சவுண்டு, செட்டு, கயிறு."

"கயிறா?"

"கர்ட்டன் தூக்கற கயிறு."

அன்றைக்குச் சாப்பிட வந்திருந்த கந்தசாமி அங்கிள் ரசத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவர் மகன் க்ரிஷ் வகுப்பில் மூன்றாவது ரேங்க். அதை அவர் பார்க்கிங் லாட்டில்கூடச் சொல்வார். "கர்ட்டன் இழுக்கறதுக்கு ஒரு பீரியடா? எங்க க்ரிஷ் லஞ்ச்சையே விட்டுட்டு ஏபி எடுக்கறான், ஜம்பு."

"சாப்பிடலன்னா மூளை எப்படி அங்கிள் வேலை செய்யும்?" என்று விஷாகா அக்கறையாகக் கேட்டாள். ஜலஜா மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

சண்டைக்கு உண்மையான காரணம் ரேங்க். டெக்சாஸில் ரேங்க் வரிசையில் மேலே இருக்கும் பிள்ளைகளுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம் கிடைத்துவிடும். ஏபி என்கிற கல்லூரித் தரப் பாடங்களுக்கு மதிப்பெண் கனம் அதிகம். தியேட்டருக்கு அந்தக் கனம் கிடையாது. அதில் முழு மதிப்பெண் வாங்கினாலும் சராசரி கீழேதான் இறங்கும். நன்றாகப் படித்ததற்கே தண்டனை கொடுக்கும் கணக்கு அது. அந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்காத தமிழ் அப்பா பேர்லேண்டில் இல்லை.

"ரேங்க் இறங்கும்," என்றார் ஜம்புநாதன்.

"இறங்கும்."

"சப்போஸ் கட்-ஆஃபுக்குக் கீழ போயிட்டா?"

"போனா எல்லாரையும் மாதிரி அப்ளை பண்ணுவேன்."

"சைகாலஜி எதுக்கு? சப்போஸ் நீ எல்லாருக்கும் ஏதோ ப்ராப்ளம் இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா?"

"எல்லாருக்கும் இல்லப்பா. குக்கர் பக்கத்துல நிக்கறவங்களுக்கு மட்டும்."

ஜலஜாவுக்குப் புரையேறியது. ஜம்புநாதன் சிரிக்கவில்லை. பிசிக்ஸ், கம்ப்யூட்டர் என்று தன் போனில் தட்டிவைத்துக்கொண்டு, "திங்கட்கிழமைக்குள்ள பாக்கலாம்," என்றார். பாக்கலாம் என்றால் அந்த வீட்டில் மாட்டேன் என்று அர்த்தம்.

அவள் ஏன் கேட்டாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டாள். நாலு ஜோக் அடித்திருப்பாள். போன நவம்பரில் பள்ளி நாடகத்துக்குத் திரை இழுக்க ஆள் இல்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். வசனம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பெண் மேடை ஓரத்து இருட்டில் வாய் அடைத்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள். விஷாகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே முதல் வரிசையில் தூங்கும் பிரின்சிபாலைக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பிரமாதமாக நடித்தாள். தெரிந்த வசனம் ஏன் வாயில் வராமல் போகிறது என்பது சைகாலஜி. சிரிக்கவைத்து உள்ளே தள்ளுவது தியேட்டர் புரொடக்ஷன். விஷாகாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, தன் குறும்புக்கு ஓர் உபயோகம் இருக்கிறது என்று தோன்றியது. இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலை பள்ளியில் பெற்றோர்கள் வந்து வகுப்புகளைப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அது ஒன்றுதான் மிச்சமிருந்த வாய்ப்பு. அப்பாவை அழைத்துப்போனால் மட்டும் போதாது, கண்ணைத் திறந்து பார்க்கவும் வைக்க வேண்டும். அவர் எதைக் கண்டால் கண்ணைத் திறப்பார் என்று விஷாகாவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு, மேடைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றி, நாடக உடைகள் தொங்கும் வரிசைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ஜம்புநாதன் அரங்கத்தின் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டரிடம் போகிற முகத்தோடு இறங்கினார். ஆசிரியை மிஸ் டெல்கடோ கை குலுக்கி, நாடகம் பிள்ளைகளின் ஆளுமையை எப்படி வளர்க்கிறது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ஆளுமை அவர் காதில் ஏறவில்லை. நடந்துகொண்டே இருந்தவர் மேடைக்குப் பின்னால் வந்ததும் நின்றார். சுவரில் சிவப்பு அம்புக்குறி. அம்புக்குக் கீழே வெறும் கொக்கி.

"இங்கே ஒன்று இருக்க வேண்டுமே."

மிஸ் டெல்கடோ திடுக்கிட்டார். "நேற்று இருந்தது! யாராவது கவனமில்லாத பிள்ளை எடுத்திருக்கும்."

"கவனமில்லாமல் என்பது பதில் இல்லை மேடம்," என்றார் ஜம்புநாதன், ஆலைக் குரலில். "எல்லா ரிப்போர்ட்டிலும் அதைத்தான் எழுதுவார்கள், மனிதத் தவறு என்று. நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த மனிதன் ஏன் அப்படிச் செய்தான்? அன்றைக்கு அவன் மனசில் என்ன இருந்தது? அதைக் கேட்காமல் இன்னொருவனைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினால் அவனும் அதையே செய்வான்."

விஷாகா அவர் முழங்கைப் பக்கம் வந்து தமிழில் முணுமுணுத்தாள். "அப்பா, இதுக்குத்தான் சைகாலஜின்னு பேரு."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அப்போது மேடையில் வசந்தகால நாடகத்துக்கு ஒத்திகை தொடங்க இருந்தது. காதில் கருவி மாட்டிய ஒரு பெண் திரை ஓரத்திலிருந்து, "ஃபைவ் மினிட்ஸ்!" என்று குரல் கொடுத்தாள். உடை மாற்றும் அறையிலிருந்து, விளக்குப் பாலத்தின் மேலிருந்து, செட்டுக்குப் பின்னாலிருந்து, கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்: "தேங்க் யூ, ஃபைவ்!"

ஜம்புநாதனின் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது.

"என்ன சொன்னாங்க?"

"அஞ்சு நிமிஷம்னு அவ சொன்னா, கேட்டாச்சுன்னு இவங்க அதையே திருப்பிச் சொல்லணும். சும்மா ஓகேன்னா ஒத்துக்க மாட்டாங்க. எத்தனைன்னும் சொல்லணும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லப்பா. நாடகக்காரங்க எல்லாருமே இப்படித்தான்."

"ரிப்பீட் பேக்," என்றார் அவர், கோயிலில் கற்பூரம் காட்டும்போது பேசுகிற குரலில். "ரிப்பீட் பேக்டி இது. எங்க கன்ட்ரோல் ரூம்ல இதுக்காக எத்தனை வருஷமாக் கெஞ்சறேன். போஸ்டர் ஒட்டினேன். ட்ரெய்னிங் வெச்சேன். பீட்சா வாங்கிப் போட்டேன். பம்ப் பி-யை நிறுத்துன்னா, பம்ப் பி-யை நிறுத்தறேன்னு திருப்பிச் சொல்லுங்கடான்னா, 'யா, யா, காட் இட்'னு போய் பம்ப் டி-யை நிறுத்துவான். இங்க பசங்க..."

அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. மேலே தொங்கும் விளக்குக் கம்பிகளுக்கு எதிர்ப்பக்கம் எவ்வளவு எடை ஏற்றுகிறார்கள், யார் ஏற்றுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்று கேட்டார். கயிறு பிடித்திருந்த ஒல்லிப் பையன் ஒருவன் பயந்துகொண்டே பதில் சொன்னான். எல்லாப் பதிலும் சரி. கம்பி கீழே இறங்குவதற்கு முன் அவன், "ஹெட்ஸ்!" என்று கத்தியதும் மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மேலே பார்த்து விலகினார்கள். ஜம்புநாதனும் விலகினார். அவர் முகத்தில் இருந்ததை விஷாகா அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாள், குடும்பம் முழுவதும் தபால் பெட்டிக்கு முதன்முதலாக நேரத்தில் வந்து சேர்ந்த நாளில்.

சிலிண்டரையும் அவரே கண்டுபிடித்தார். உடை வரிசைகளுக்கு நடுவே ராஜா அங்கியை விலக்கி, வீராங்கனைப் பாவாடையை விலக்கி, உள்ளே போய் மறைந்தார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வந்து கொக்கியில் மாட்டி, பசுவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். மிஸ் டெல்கடோ நன்றி சொன்னார். வருஷத்துக்கு ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார். ஒரு நாள் போதாது என்றார் ஜம்புநாதன்.

காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டதும், வண்டியைக் கிளப்பாமல் போனை எடுத்தார். விஷாகா கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பதுபோல் இருந்தாள்.

"ரேங்க் இறங்கும்," என்றார்.

"இறங்கும்ப்பா."

"கந்தசாமி கேப்பான்."

"கேப்பார்."

"கெமிஸ்ட்ரிய விடக் கூடாது."

"விட மாட்டேன்."

பிசிக்ஸை நீக்கினார். கம்ப்யூட்டரை நீக்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "தியேட்டர் புரொடக்ஷன்," என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, எதற்கோ காத்திருந்தார்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "தேங்க் யூ, தியேட்டர் புரொடக்ஷன்."

"சைகாலஜி."

"தேங்க் யூ, சைகாலஜி."

சம்மதம் என்பதை அழுத்தினார். திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது. விஷாகா ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தம் வராமல், அப்பாவை ஒருவழியாகக் கவிழ்த்துவிட்ட சந்தோஷத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிலிண்டர் நிமித்தி வெச்சிருந்தது," என்றார் ஜம்புநாதன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "நடக்கற வழிய விட்டுத் தள்ளி. பிரஷர் மீட்டர் வெளிப்பக்கம் தெரியற மாதிரி. திருடறவன் அப்படி வெக்க மாட்டான். ஒளிச்சு வெளையாடற பசங்களும் அப்படி வெக்க மாட்டாங்க. ஊர்ல இருக்கற இத்தனை பேர்ல, ஒரே ஒரு வீட்டுல வளந்த பொண்ணுதான் அப்படி வெக்கும்."

விஷாகா திரும்பவில்லை. காது மட்டும் சூடாயிற்று.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து அந்தக் கொக்கி காலி. சப்போஸ் ஒரு லைட்டு பத்திக்கிட்டிருந்தா?"

எந்தக் கேள்விக்கும் கையில் ஒரு ஜோக் வைத்திருப்பவள் அவள். "ஸாரிப்பா," என்றாள், கண்ணாடியிடம்.

அவர் சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டு எதையோ எடுத்தார். ஊதா நிற டேப் ஒரு துண்டு, பாண்டாக் கரடிப் படம் போட்டது. பேர்லேண்ட் முழுவதிலும் அது விஷாகாவின் பென்சில் பையில்தான் உண்டு. சிலிண்டரை ஒளித்தபோது, உடை எடுக்க வருகிற பிள்ளை யாராவது தெரியாமல் மேலே இருக்கும் பாதுகாப்புப் பின்னை இழுத்துவிடப் போகிறதே என்று அவள் அதன் கழுத்தைச் சுற்றி ஒட்டியது.

"ஒரு சுத்துப் போதும்," என்றார். "மூணு சுத்து சுத்தினா அவசரத்துக்குப் பிரிக்க முடியாது."

அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, டேப்பைப் புறங்கையில் வைத்து, ஓரம் தூக்கிக்கொள்ளாதபடி கட்டைவிரலால் மெதுவாக அழுத்தித் தேய்த்து ஒட்டினார்.